கட்டி வைத்த தலையங்கம்

1. ஊதா நாக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சிவனாண்டி சாரின் நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது. மனுஷருக்கு ஏதோ சீக்கு என்று நினைத்துக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றேன். காப்பியிங் பென்சில் என்று ஒன்று அந்தக் காலத்தில் உண்டு. முனையை எச்சிலில் நனைத்தால் மை மாதிரி ஊதாவாக எழுதும். ஒரு தலையங்கம் எழுதி முடிப்பதற்குள் அவர் அதை நூறு தடவை நாக்கில் வைப்பார். மேஜையில் பேனா இருந்தது, மையும் இருந்தது. பேனாவால் எழுதினால் யோசனை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்பார்.

சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வரும் பத்திரிகை எங்களுடையது. பெயர் வேண்டாம். முதலாளியின் பேரன்மார் அதே கட்டடத்தில் இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள், அவர்கள் வியாபாரத்துக்கு நடுவில் நான் எதற்கு? சிவனாண்டி சார் அதன் ஆசிரியர். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். செய்திகளை இரண்டு பேர் கவனித்துக்கொண்டார்கள். தலையங்கத்தை மட்டும் அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

நான் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அறைப்பெட்டியிலிருந்து பொறுக்கி, வரியாக அடுக்கி, பக்கமாகக் கட்டுகிற வேலை. ஆனாவுக்கு ஒரு அறை, ஆவன்னாவுக்கு ஒரு அறை என்று பெட்டியில் நூற்றுக்கணக்கில் அறைகள் இருக்கும். அச்சடித்து முடிந்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அதற்கு டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். அடுக்குவதாவது பரவாயில்லை. பிரித்துப் போடுவதுதான் உயிரை வாங்கும்.

முதல் நாள் அவருடைய தலையங்கத்தை அடுக்கி புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"தொண்டி சார்."

"பேரு?"

"சேகு."

"சரி சேகு, நான் என்ன எழுதியிருக்கேன்னு சொல்லு பாப்போம்."

"எழுத்தத்தான் சார் பாத்தேன். படிக்கல."

"நீயே படிக்கலைன்னா வேற எவன் படிப்பான்? போ, படிச்சிட்டு வா."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அடுக்கி முடித்ததும் நான் போய் இரண்டு வாக்கியத்தில் சாரம் சொல்ல வேண்டும். நான் திணறினால் அவர் காகிதத்தைப் பிடுங்கித் திருப்பி எழுதுவார். அடுக்கியதெல்லாம் வீண். அப்போதிருந்த ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏலே, புரியலைன்னாலும் புரிஞ்சிருச்சுன்னு சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சினார். என்னால் முடியவில்லை. அந்த ஊதா நாக்குக்காரரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2. கூடைக்கு ஒரு இடம்

அவர் எழுத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அளக்கிறேன் என்பார்கள். டீக்கடையில் ஒருவர் வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். நம் ஜில்லாவுக்குக் கலெக்டர் அப்போது மதுரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பத்திரிகைக் கட்டுகளில் ஒன்று ரயிலேறி அங்கேயும் போகும். "சிவனாண்டி என்ன சொல்றாக?" என்று கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் தங்கள் அபிப்பிராயத்தை வைத்துக்கொள்வார்கள்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டிக் கூடையோடு வரும் பெண்களைப் பஸ்ஸில் ஏற்றுவதில்லை என்று ஒரு புகார் வந்தது. சார் எழுதவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், மூன்று நாள் அதே பஸ்ஸில் அங்கும் இங்கும் போய்வந்தார். அதன் பிறகுதான் பென்சிலை நாக்கில் வைத்தார். பத்திரிகை வந்த மறுநாள் பஸ் முதலாளி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா, என் பஸ்ஸ நீ ஓட்டுறியா?"

"இல்லைங்க, ஏறுறேன். டிக்கெட்டு எடுத்துத்தான் ஏறுறேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஆறு டிக்கெட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார் சார்.

வந்தவர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே பஸ்ஸின் பின்பக்கம் கூடை வைக்கப் பலகை அடித்திருந்தார்கள். கண்ணால் பார்க்காத ஊரைப் பற்றி சார் ஒரு வரி எழுத மாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த காரியத்தின் கனம் அப்போதுதான் தெரியும்.

3. சித்திரை மேட்டர்

ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறந்தால் தண்ணீரைப் பற்றி ஒரு தலையங்கம் உண்டு. தொண்டிக்குத் தெற்கே கடற்கரை ஓரமாக ஐந்து ஊர்களில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைக்க ஒரு காலைப்பொழுது ஆகும். அந்த ஐந்தில் ஒன்று வெள்ளமணல். என் அக்கா ஆயிஷா லாத்தாவைக் கட்டிக்கொடுத்த ஊர். அவர் புருஷன் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்.

அதற்குள் நான் ஃபோர்மேன் ஆகியிருந்தேன். மூன்றாவது வருஷம் சித்திரைத் தலையங்கம் என் கைக்கு வந்தபோது, முந்தின வருஷத்து எழுத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று கண்டேன். அதே ஊர்கள், அதே சிரட்டை, அதே அரசாங்கம். அச்சு முடிந்ததும் எழுத்தைப் பிரிக்காமல் அப்படியே கயிறு போட்டுக் கட்டினேன். இப்படிக் கட்டி வைப்பதை ஸ்டாண்டிங் மேட்டர் என்போம். கல்யாணப் பத்திரிகை, சினிமாக் கொட்டகை விளம்பரம் இதையெல்லாம் அப்படி வைப்பதுண்டு. தலையங்கத்தை யாரும் வைத்ததில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன்.

"அடுத்த வருஷமும் இதத்தானே சார் எழுதுவீக? கட்டி வச்சிட்டேன். ரெண்டு எழுத்த மாத்துனாப் போதும்."

சார் சிரித்தார். "அவுக மாறாதப்ப நான் மட்டும் எதுக்கு மாறணும்? வையி, வையி."

சிரித்தார்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இரண்டு மணி நேர வேலை மிச்சம் என்கிற சந்தோஷத்தில் கட்டை என் பெஞ்சுக்கு அடியில் தள்ளி, 'சித்திரை' என்று சீட்டும் ஒட்டினேன்.

அந்தத் தலையங்கத்தில் ஒரு வரி உண்டு. ஊர்க்காரர்கள் மேலேயும் சார் கோபப்பட்டு எழுதியது. "வெள்ளமணல் ஊரார் மனுப் போடவும் மாட்டார்கள், மண்வெட்டி எடுக்கவும் மாட்டார்கள், யாராவது வருவார்கள் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்."

4. நான் பத்திரிகை ஆசிரியரானது

அடுத்த சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சார் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"ஒரு சோலியாப் போறேன் சேகு. தலையங்கத்த நாளைக்கி மத்தியான பஸ்ஸுல கண்டக்டர்ட்ட குடுத்து விடுறேன். உனக்குப் பிடிச்ச விசயமாத்தான் இருக்கும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியான பஸ் வரவில்லை. வழியில் அச்சு முறிந்து நிற்கிறது என்று சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைப் பத்திரிகைக்கு நாலு மணிக்குள் பக்கம் மெஷினுக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் விடிகாலை பஸ்களுக்குக் கட்டு போகாது. மணி மூன்றரை. இரண்டாம் பக்கத்தில் தலையங்கம் வரவேண்டிய இடம் வெள்ளையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது? ஏதாச்சும் போடுப்பா."

ஏதாச்சும் என்றதும் எனக்குப் பெஞ்சுக்கு அடியில் இருந்தது ஞாபகம் வந்தது. சித்திரை மாதம், தண்ணீர் விஷயம், சார் எழுதியது, சாரே வையி என்றது. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? கட்டை இழுத்துத் தூசி தட்டினேன். "மூன்றாவது வருடமாக எழுதுகிறோம்" என்று இருந்ததை "நான்காவது வருடமாக" என்று என் கையால் மாற்றினேன். அதை மாற்றியபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. என் ஆயுளில் நான் ஆசிரியர் வேலை பார்த்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

செவ்வாய் காலை பதினோரு மணிக்கு, முறிந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன். ஊதா எழுத்து. முதல் வரியே இதுதான்: "வெள்ளமணல் மக்களிடம் நான் தோற்றுவிட்டேன், இதைவிட மகிழ்ச்சியான தோல்வி எனக்கு வாய்த்ததில்லை."

போன வருஷத்து அந்தக் குத்தல் வரி அவர்களுக்கு உறைத்திருக்கிறது. மனு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல் ஊரே சேர்ந்து மண்வெட்டி எடுத்து, வள்ளத்தில் வட்ட வட்டமான சிமெண்டு உறைகளை ஏற்றிவந்து, மணல் சரியச் சரிய இறக்கி, ஒரு உறைகிணறு தோண்டியிருக்கிறார்கள். நல்ல தண்ணீர். அதைப் பார்க்கத்தான் சார் போயிருந்தார். பக்கத்து நாலு ஊர்க்காரர்களும் தோண்டத் தயார், உறை மட்டும் கொடுங்கள் என்று மனுக் கொடுத்திருப்பதாகவும், அதிகாரி ஒருவர் சனிக்கிழமை வந்து இந்தக் கிணற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யப் போவதாகவும் எழுதியிருந்தார்.

அதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் பத்திரிகை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓடி என்ன செய்ய?

5. செம்புத் தண்ணீர்

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு சார் வந்தார். பின்னாலேயே என் லாத்தா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மூடி போட்ட ஒரு செம்போடு. கம்போசிங் அறைக்குள் ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. யந்திரக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

லாத்தாதான் பேசினார்.

"கெணத்துப் பக்கத்துல நாற்காலி போட்டு சார உக்கார வச்சிருந்தோம்டா தம்பி. இளநி வெட்டிக் குடுத்து, ஊரே சுத்தி நிக்கிது. அப்பத்தான் பேப்பர் வந்துச்சு. சார் எழுதுனது வந்திருக்கும், எல்லாரும் கேக்கட்டும்னு டீக்கடை அலியாரு சத்தம் போட்டு வாசிக்காரு. மம்பட்டி எடுக்க மாட்டாகன்னு வருது. அவரு வாய் அப்புடியே நின்னு போச்சு. எல்லாரும் சார் மூஞ்சியப் பாக்குறோம்."

"சார் என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"இன்னொருக்கா மொதல்லருந்து வாசிங்கன்னாக. முழுசா வாசிக்கச் சொல்லிக் கேட்டாக. பொறவு ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, வெள்ளிக்கெழமப் பேப்பரப் பாருங்கன்னு எந்திரிச்சிட்டாக." லாத்தா தன் உள்ளங்கைகளை என் முன்னால் விரித்துக் காட்டினார். கயிறு இழுத்துக் காய்த்துப் போயிருந்தன. "நான் தோண்டுன கெணத்த, என் கூடப் பொறந்தவன் நீயே இல்லைன்னு அச்சடிச்சிட்டியேடா. எட்டு மாசமா எட்டிப் பாத்தியா? பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல?"

செம்பை என் பெஞ்சில் வைத்தார். "குடி. குடிச்சிட்டு இருக்கா இல்லையான்னு சொல்லு."

குடித்தேன். நல்ல தண்ணீர். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதன்கிழமை காலையிலேயே அதிகாரியின் ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டார். வெள்ளமணலில் கிணறு இருப்பதாக மனு சொல்கிறது, அங்கே மண்வெட்டியே எடுக்கவில்லை என்று உங்கள் தலையங்கம் சொல்கிறது, எது நிஜம் என்று தெரியாமல் அதிகாரி வருவதற்கில்லை, சனிக்கிழமைப் பயணம் ரத்து என்றார். நாலு ஊர்ப் பெண்களின் குடமும் அந்த ஒரு பயணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியின் அறையில் பேச்சு நடந்தது. என்னைக் கதவருகில் நிறுத்தியிருந்தார்கள்.

"நாலாம் பக்கம் மூலையில திருத்தம்னு ரெண்டு வரி போடுவோம். ஃபோர்மேன் தப்புன்னு போட்டு, இவனையும் அனுப்பிருவோம். பேப்பர் மானம் நிக்கும்" என்றார் முதலாளி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"பொய்யப் பெரிய எழுத்துல போட்டுட்டு நெசத்தப் பொடி எழுத்துல போடவா?" என்றார் சார். "தலையங்கத்துல வந்துச்சு. தலையங்கத்துலதான் திருத்தணும்."

"தலையங்கத்துல எவனாச்சும் மன்னிப்புக் கேப்பானாப்பா? ஒருக்கா கேட்டா அப்புறம் நீ எழுதுறத எவன் நம்புவான்?"

"கேக்கலைன்னாத்தான் நம்ப மாட்டாக. இவனை அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க. கட்டி வைக்கட்டுமான்னு கேட்டான், வையின்னு சொன்னது நான். என் எழுத்துலதான் தூசி படிஞ்சு போச்சு, அவன் எடுத்துப் போட்டான்."

முதலாளி கையிலிருந்த விசிறியை மேஜையில் போட்டார். பிறகு, "என்னமோ செய்ங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை சார் புதிதாக எழுதிக் கொடுத்ததை நான் அடுக்கினேன். அதில் என் பெயர் இல்லை. பஸ் அச்சு முறிந்ததும் இல்லை. "சென்ற இதழில் இந்த இடத்தில் வந்தது பொய். நான் ஊரில் இல்லாதபோது நேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இடத்துக்கு நான்தான் பொறுப்பு. மாறாது என்று நினைத்து ஒரு கருத்தைப் பத்திரப்படுத்தி வைத்தேன். அதற்குள் ஊர் மாறிவிட்டது. வெள்ளமணல் மக்கள் மன்னிக்க வேண்டும். அதிகாரி அவர்கள் என்னை நம்ப வேண்டாம். வந்து ஒரு குவளை குடித்துப் பார்க்கட்டும்." அதற்குக் கீழே, கண்டக்டர் தாமதமாகக் கொண்டுவந்த அந்தக் கட்டுரை ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கட்டி வைத்த மேட்டரின் கயிற்றைத் தானே அவிழ்த்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் பிரித்துப் போட ஆரம்பித்தார். அவருக்கு அந்த வேலை தெரியாது. ணகரத்தை னகரத்தில் போட்டார், ரகரத்தைத் துணைக்கால் அறையில் போட்டார். விரலெல்லாம் கறுப்பு. சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசி எழுத்தைப் போட்டுவிட்டு, "அபிப்பிராயத்தக் கட்டி வைக்கக் கூடாது சேகு. ஒவ்வொரு தடவையும் போயிப் பாத்துத்தான் எழுதணும். எனக்குச் சோம்பேறித்தனம் வந்துருச்சு" என்றார். அவர் கலைத்து வைத்த அந்தப் பெட்டியைச் சரி செய்ய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். இரண்டு குவளை குடித்தார் என்று லாத்தா சொல்லி அனுப்பினார். மூன்று ஊர்களுக்கு உறை கிடைத்தது. நாலாவது ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான் ஊறியது. அந்த ஊருக்காக சார் அதன் பிறகு ஏழு தலையங்கம் எழுதினார். ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, புதிதாக எழுதினார். ஒவ்வொன்றையும் நான் புதிதாக அடுக்கினேன்.

6. கட்ட மாட்டேன் என்று சொன்னது

அறுபதுகளில் சாருக்கு நெஞ்சில் சீக்கு வந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பிழைப்பது சந்தேகம் என்று தகவல் வந்தது. பத்திரிகைத் தொழிலில் இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்கள் சீக்காகப் படுத்தால் இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி, அடுக்கி, கட்டி வைத்துவிடுவார்கள். தேதி ஒன்றுதான் பாக்கி. முதலாளியின் மகன் ஒரு நீளக் காகிதத்தோடு வந்தார்.

"அடுக்கி வச்சிருங்க சேகு அண்ணே. கடைசி நேரத்துல ஓட முடியாது."

"அடுக்க மாட்டேன் தம்பி."

"என்னண்ணே?"

"சார் இன்னும் இருக்காக. இருக்கும்போது நான் இத அடுக்க மாட்டேன். வேற ஆளு வச்சு அடுக்குறதுன்னா என்னைய அனுப்பிட்டு அடுக்குங்க."

அவர் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரமே மதுரைக்குப் போய் சாரைப் பார்த்தேன். நர்ஸம்மாவிடம் பென்சில் கேட்டு வம்பு செய்துகொண்டிருந்தார். நாக்கு வெளுத்துக் கிடந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. அடுக்க மாட்டேன் என்று நான் சொன்ன கதையைச் சொன்னேன். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"கடேசி நேரத்துல கஷ்டப்படுவியேடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான்.

கஷ்டப்பட்டேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. எழுதி வைத்திருந்த அந்த நீளக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் நின்றேன். கண் மறைக்கிறது, எழுத்து தெரியவில்லை. எந்த அறையில் எது இருக்கிறது என்று கைக்குத் தெரியும், ஆனால் அன்று கையும் கேட்கவில்லை. வேறு ஆட்கள் உதவிக்கு வந்தார்கள், நான் விடவில்லை. நாலு மணிக்கு முடிய வேண்டியது முடியவே இல்லை. பக்கம் மெஷினுக்கு ஏறியபோது மறுநாள் பஸ்களெல்லாம் போய்விட்டிருந்தன. அத்தனை வருஷத்தில் பத்திரிகை ஒரு நாள் தாமதமாகப் போனது அப்போதுதான்.

இப்போது என் பேரன் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறான். போன வருஷத்து எழுத்து, அதற்கு முந்தின வருஷத்து எழுத்து எல்லாம் உள்ளே அப்படியே நிற்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் வந்து விழுகிறது. அதை எடுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். போடுவதற்கு முன்னால் ஒரு நடை அந்த ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். யாராவது கிணறு தோண்டியிருப்பார்கள்.

அந்தத் தாமதமான பத்திரிகை புதன்கிழமைதான் வெள்ளமணலுக்குப் போய்ச் சேர்ந்தது. அலியார் கடையில் செவ்வாய்க்கிழமை முழுக்க ஊர் காத்திருந்ததாம். அவர் வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னொருக்கா மொதல்லருந்து வாசிக்கேன்" என்றாராம். பத்திரிகை ஏன் லேட் என்று ஒரு ஊர்க்காரரும் எங்களைக் கேட்கவில்லை.